காரின் முன்பக்க ஷாக் அப்சார்பரை வீட்டிலேயே மாற்றுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரேக் பேடு மாற்றிப் பழகியவர்கள் அடுத்து ஆசைப்படுவது முன்பக்க ஷாக்கைத்தான். ஆசைப்படுவதில் தவறில்லை. முக்கால்வாசி வேலை, நட்டுகளைக் கழற்றித் திரும்பப் பூட்டுவது. மீதிக் கால்வாசி மட்டும் வேறு விதம்: இறுக்கி அடக்கி வைத்த ஒரு ஸ்பிரிங்கோடு பழகுவது. முந்தைய பகுதியைப் பொறுமை உள்ள எவரும் செய்துவிடலாம். பிந்தையதை யார் செய்யலாம், யார் செய்யக்கூடாது என்பதை முடிந்தவரை வெளிப்படையாகச் சொல்ல முயன்றிருக்கிறேன்.

ஷாக் அப்சார்பர் உண்மையில் என்ன வேலை செய்கிறது?

காரின் எடையைத் தாங்குவது ஷாக் என்று பலர் நினைக்கிறார்கள். எடையைத் தாங்குவது ஸ்பிரிங். பள்ளத்தில் சக்கரம் இறங்கினால் ஸ்பிரிங் அமுங்கி விரியும்; தடுக்க ஆள் இல்லையென்றால் மறுபடி அமுங்கும், மறுபடி விரியும். அந்த ஆட்டத்தை ஒன்றிரண்டு அசைவில் அடக்குவதுதான் ஷாக்கின் வேலை. உள்ளே பிஸ்டன் ஒன்று எண்ணெய்க்குள் மேலும் கீழும் போகிறது. பிஸ்டனில் உள்ள சிறு துளைகள், வால்வுகள் வழியாக எண்ணெய் நெருக்கிக்கொண்டு பாயும்போது ஆட்டத்தின் சக்தி வெப்பமாக மாறிவிடுகிறது. மோசமான சாலையில் ஓட்டிவிட்டு வந்து தொட்டால் ஷாக் சூடாக இருப்பது இதனால்தான்.

சொகுசு என்பது இதில் கிடைக்கும் பக்கப் பலன். டயரைத் தரையோடு அழுத்தி வைத்திருப்பதே முக்கியப் பயன். துள்ளிக்கொண்டிருக்கும் டயர் பிரேக்கும் பிடிக்காது, ஸ்டியரிங் சொன்ன பேச்சும் கேட்காது. தேய்ந்த ஷாக்கைப் பாதுகாப்புப் பிரச்சினையாகப் பார்க்க வேண்டும் என்று நான் சொல்வது இந்தக் காரணத்தால்.

‘ஸ்ட்ரட்’ என்கிறார்களே, அதுவும் ஷாக்கும் ஒன்றா?

பேச்சில் இரண்டையும் ஷாக் என்றே சொல்கிறோம். வேலை செய்யப் போகிறவருக்கு வித்தியாசம் தெரிந்திருக்க வேண்டும்.

இன்றைய சிறிய, நடுத்தரக் கார்கள் பெரும்பாலானவற்றில் முன்பக்கம் இருப்பது மேக்ஃபெர்சன் ஸ்ட்ரட். அமெரிக்கப் பொறியாளர் எர்ல் மேக்ஃபெர்சன் 1940களில் வடிவமைத்தது. 1950களின் தொடக்கத்தில் ஃபோர்டு கான்சல் கார் இதோடு வந்தது. இதில் ஷாக்கும் காயில் ஸ்பிரிங்கும் ஒரே கட்டாக இருக்கும். அடிப்பகுதி, சக்கரத்தைத் தாங்கும் நக்கிளோடு பெரிய போல்ட்டுகளால் பிணைந்திருக்கும். மேல்முனை பானெட்டுக்குக் கீழே, பாடியின் கோபுரம் போன்ற பகுதியில் மவுன்டிங் வழியாகப் பூட்டியிருக்கும். ஸ்டியரிங் திருப்பும்போது ஸ்ட்ரட்டும் சேர்ந்தே திரும்பும். ஆகவே இதைக் கழற்றினால் சக்கரத்தின் கோணத்திலும் கை வைக்கிறோம்.

சில கார்களில், சக்கரத்தைப் பாடியோடு இணைக்கும் ஆர்ம்கள் மேலும் கீழுமாக இரண்டு இருக்கும். அங்கே ஷாக் தனிக் குழாயாக இருந்து, ஸ்பிரிங் வேறு இடத்தில் இருந்தால், ஷாக்கைக் கழற்றுவது எளிது. அதற்காக உடனே நட்டைத் தொட்டுவிட வேண்டாம்: சில வடிவங்களில் ஆர்ம் ஒரேயடியாகக் கீழே இறங்காமல் தடுத்துக்கொண்டிருப்பதே அந்த ஷாக்தான். லோயர் ஆர்முக்கு ஜாக்கி முட்டுக் கொடுத்த பிறகுதான் அங்கே ஸ்பேனர் வைக்க வேண்டும்.

கீழே வரும் பதில்கள் மேக்ஃபெர்சன் அமைப்பை மனதில் வைத்து எழுதியவை. ஷாக்கிலிருந்து மின்கம்பி வெளியே வந்தாலோ, ஏர் சஸ்பென்ஷன் இருந்தாலோ அந்தக் காரைப் பட்டறைக்கு விட்டுவிடுங்கள்.

ஷாக் போய்விட்டது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஒரே அறிகுறியை வைத்து முடிவு செய்யாதீர்கள். இரண்டு மூன்று சேர்ந்து வந்தால் நம்பலாம். பிரேக் போட்டால் காரின் மூக்கு அளவுக்கு மீறித் தாழ்கிறது. வேகத்தடை தாண்டிய பிறகும் முன்பக்கம் ஊஞ்சலாடி அடங்குகிறது. வளைவில் வண்டி முன்பைவிடச் சாய்கிறது. டயரின் மேல் உள்ளங்கையைத் தடவினால் மேடும் குழியுமாக, அலை அலையாகத் தேய்ந்திருக்கிறது. இந்தக் கடைசி அறிகுறியைப் பலர் டயரின் குறை என்று எண்ணிப் புது டயர் வாங்கிவிடுகிறார்கள். அதுவும் சீக்கிரமே அதேபோல் தேயும்.

முன்பக்கத்தைக் கையால் அமுக்கி விட்டு, எத்தனை முறை ஆடுகிறது என்று எண்ணிப் பார்க்கும் பழைய சோதனை இருக்கிறது. கார் இரண்டு மூன்று முறை துள்ளினால் ஷாக் முடிந்துவிட்டது என்று கொள்ளலாம். துள்ளவில்லை என்பதற்காக ஷாக் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. கையால் அமுக்கும் வேகத்துக்கும், ஓடும்போது சக்கரம் அடிபடும் வேகத்துக்கும் இடையே பெரிய தூரம்.

‘டக் டக்’ என்ற சத்தத்தை மட்டும் வைத்து ஷாக்கை மாற்றாதீர்கள். ஸ்டெபிலைசர் லிங்க் ராடு (வளைவில் சாய்வைக் குறைக்கும் ஸ்டெபிலைசர் பாரை ஸ்ட்ரட்டோடு இணைக்கும் சிறு கம்பி), லோயர் ஆர்ம் புஷ், பால் ஜாயின்ட், மேல் மவுன்டிங் எல்லாமே ஏறக்குறைய இதே சத்தத்தைத்தான் தரும். அதிலும் லிங்க் ராடுதான் அதிகம் மாட்டும். அதை மாற்றுவது மிகச் சிறிய வேலை. முதலில் அதைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள்.

ஷாக்கின் மேல் எண்ணெய் ஈரம் தெரிகிறது. மாற்ற வேண்டுமா?

ஈரத்தின் அளவைப் பாருங்கள். பிஸ்டன் தண்டு சீலின் வழியாக ஏறி இறங்கும்போது மிக மெல்லிய எண்ணெய்ப் படலம் வெளியே வருவது இயல்பு. மேற்பகுதியில் லேசாகப் பனித்தது போல இருந்தால் துடைத்துவிட்டு, சில நாள் ஓட்டிய பின் மறுபடி பாருங்கள். குழாய் நெடுக எண்ணெய் வழிந்து, புழுதி ஒட்டிச் சேறுபோல் அப்பியிருந்தால் சீல் போய்விட்டது. இனி காத்திருப்பதில் பயனில்லை.

எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றுவது?

பொதுவாக 80,000 கிலோமீட்டர் என்ற கணக்கு சொல்லப்படுகிறது. அதைச் சோதித்துப் பார்க்க வேண்டிய நேரமாக எடுத்துக்கொள்ளுங்கள், மாற்றியே தீர வேண்டிய கெடுவாக வேண்டாம். நெடுஞ்சாலையிலேயே ஓடிய கார் அதைத் தாண்டியும் நன்றாக இருக்கும்; குண்டும் குழியுமான பாதையில் முழுப் பாரத்தோடு ஓடிய கார் பாதியிலேயே கேட்கும்.

ஒரு பக்கம்தான் கசிகிறது. அதை மட்டும் மாற்றலாமா?

கூடாது. ஒரே அச்சில் உள்ள இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். ஒரு பக்கம் புதிதாகவும் மறுபக்கம் தளர்ந்தும் இருந்தால், அவசரப் பிரேக்கிலும் வளைவிலும் கார் இரண்டு விதமாக நடந்துகொள்ளும். அந்த நேரத்தில் உங்களுக்கு வேண்டாதது அதுதான்.

இதை நான் வீட்டில் செய்யலாமா?

முன்பு காரைத் தூக்கிச் சக்கரம் கழற்றி, பிரேக் வேலையாவது செய்திருந்தால் கழற்றி மாட்டும் பகுதியைச் செய்யலாம். சமமான, கெட்டியான தரை வேண்டும்; அந்தக் காரின் சர்வீஸ் மேனுவல் கையில் வேண்டும்; அன்றைக்கு அந்தக் காரில் எங்கும் போக வேண்டிய அவசரம் இருக்கக்கூடாது. தரை மண்ணாகவோ சரிவாகவோ இருந்தால் வேலையையே தொடங்காதீர்கள்.

ஸ்பிரிங்கைப் பொறுத்தவரை மூன்று வழிகள் உண்டு. ஸ்பிரிங், மவுன்டிங், பேரிங் எல்லாம் ஏற்கெனவே பூட்டி ஒரே கட்டாக வரும் முழு ஸ்ட்ரட் செட்டை வாங்குவது முதல் வழி. பழையதை அப்படியே கழற்றிப் புதியதை அப்படியே மாட்டிவிடலாம். ஸ்பிரிங்கைத் தொடவே வேண்டாம். இரண்டாவது, ஸ்ட்ரட்டை நீங்கள் கழற்றி, புது ஷாக்கோடு சேர்த்துப் பட்டறைக்கு எடுத்துப் போய், அங்குள்ள நிலைநிறுத்திய இயந்திரத்தில் ஸ்பிரிங்கை மட்டும் மாற்றி வாங்கி வந்து மாட்டுவது. மூன்றாவது, கையால் திருகும் ஸ்பிரிங் கம்ப்ரஸரை வைத்து நீங்களே செய்வது.

முதல்முறை செய்கிறவருக்கு நான் முதல் இரண்டில் ஒன்றையே சொல்வேன். உங்கள் காருக்கு முழு செட் கிடைக்கவில்லையென்றால் இரண்டாவது வழியில் கொஞ்சமும் கௌரவக் குறைச்சல் இல்லை. அனுபவமுள்ள மெக்கானிக்குகளே அந்த இயந்திரத்தைத்தான் விரும்புகிறார்கள்.

ஷாக்கைத் தவிர வேறு என்ன வாங்க வேண்டும்?

மேல் மவுன்டிங், அதன் பேரிங், தண்டு கடைசிவரை அமுங்கும்போது அடியைத் தாங்கும் பம்ப் ஸ்டாப், தண்டை மூடும் டஸ்ட் பூட். இந்த நான்கையும் கையோடு மாற்றிவிடுங்கள். இவை தனியாகப் பழுதானால் இதே வேலையை முதலிலிருந்து செய்ய வேண்டியிருக்கும். பம்ப் ஸ்டாப் நைந்துபோனால் பெரிய பள்ளங்களில் ஷாக் அடிமுட்டும். பூட் கிழிந்தால் மணல் தண்டில் ஒட்டி சீலை அறுக்கும். புது ஷாக் சீக்கிரம் போய்விட்டது என்று புலம்புகிற பல இடங்களில் பழைய டஸ்ட் பூட்டும் பழைய பம்ப் ஸ்டாப்பும்தான் காரணமாக இருக்கும்.

ஸ்பிரிங்குக்குக் கீழுள்ள ரப்பர் சீட்டையும் பாருங்கள். நக்கிள் போல்ட்டுகளையும் தண்டின் மேல் நட்டையும் ஒருமுறை கழற்றினால் மறுபடி பயன்படுத்த வேண்டாம் என்று பல கார் நிறுவனங்கள் சொல்கின்றன; மேனுவலில் அப்படி இருந்தால் புதிது வாங்கிவிடுங்கள்.

இடது, வலது ஷாக்குகள் பெரும்பாலும் வேறு வேறு. பிரேக் ஹோஸும் ஏபிஎஸ் கம்பியும் பிடிக்கும் தாங்கிகள் எதிரெதிர்ப் பக்கத்தில் இருக்கும். ஒரு பக்கத்தைக் கழற்றிப் போட்ட பிறகு தெரிய வேண்டிய செய்தி இல்லை இது. வாங்கும்போதே பழையதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

கருவிகள்?

நல்ல ஜாக்கி, இரண்டு ஆக்ஸில் ஸ்டாண்டு, பின்சக்கரத்துக்கு அடைகட்டை, சாக்கெட் செட், நீளமான பிரேக்கர் பார், டார்க் ரெஞ்ச், ஆலன் கீ செட், சுத்தியல், கம்பி பிரஷ், துருவில் ஊறும் ஸ்பிரே, மார்க்கர் பேனா, கட்டுக்கம்பி. கண்ணாடியும் கையுறையும் கட்டாயம்.

இதில் டார்க் ரெஞ்சைத் தவிர்க்கலாமா என்றுதான் அதிகம் கேட்கிறார்கள். தவிர்க்கக்கூடாது. ஸ்பிரிங் கம்ப்ரஸர் தேவைப்பட்டால், கொக்கி நழுவாமல் தடுக்கும் பின் அல்லது பூட்டு உள்ளதாகப் பாருங்கள். மரை தேய்ந்து வளைந்த இரவல் கம்ப்ரஸரை யார் தந்தாலும் வாங்காதீர்கள்.

காரை எப்படித் தூக்கி நிறுத்துவது?

சக்கர நட்டுகளைக் கார் தரையில் இருக்கும்போதே அரைச் சுற்றுத் தளர்த்திக்கொள்ளுங்கள். ஹேண்ட் பிரேக் போட்டு, பின்சக்கரத்தின் முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். மேனுவல் காட்டும் இடத்தில் ஜாக்கி கொடுத்து, முன்பக்கம் முழுவதையும் உயர்த்தி, இரண்டு பக்கமும் ஸ்டாண்டில் இறக்குங்கள். லோயர் ஆர்மில் ஸ்டாண்டை வைத்துவிடாதீர்கள்; அது அசைய வேண்டிய பாகம். நிறுத்திய பின் காரை நன்றாகத் தள்ளிப் பாருங்கள். ஆடினால் இறக்கி மறுபடி வையுங்கள்.

ஜாக்கியின் பேரில் மட்டும் நிற்கும் காருக்கடியில் கை, கால் எதுவும் போகக்கூடாது. கல், செங்கல், ஹாலோ பிளாக் ஸ்டாண்டுக்கு மாற்றாகாது. பாரத்தில் சொல்லாமல் நொறுங்கும்.

ஒரு பக்கம் வேலை செய்தாலும் இரண்டு பக்கத்தையும் ஏன் தூக்க வேண்டும்? ஒரு சக்கரம் தரையிலும் மற்றது தொங்கியும் இருந்தால் ஸ்டெபிலைசர் பார் முறுக்கிக்கொள்ளும். லிங்க் ராடைக் கழற்றும்போதும் மாட்டும்போதும் அந்த முறுக்கு உங்களோடு மல்லுக்கட்டும். இரண்டு பக்கமும் சமமாகத் தொங்கினால் லிங்க் கையோடு வரும்.

கழற்றும் வரிசை என்ன?

எதையும் தொடுவதற்கு முன் எல்லாக் கோணத்திலிருந்தும் ஃபோட்டோ எடுங்கள். பிறகு, நக்கிளும் ஸ்ட்ரட்டும் சேரும் இடத்தில், போல்ட்டின் தலையையும் சேர்த்து மார்க்கரால் கோடு போடுங்கள். சில கார்களில் மேல் போல்ட் மையம் விலகிய வடிவில் இருக்கும். கேம்பர் கோணத்தை அதை வைத்துத்தான் அமைத்திருப்பார்கள். அதன் நிலை தெரியாமல் கழற்றிவிட்டால் சக்கரம் எந்தச் சாய்வில் இருந்தது என்பதே போய்விடும்.

பிரேக் ஹோஸையும் ஏபிஎஸ் கம்பியையும் ஸ்ட்ரட்டின் தாங்கியிலிருந்து விடுவியுங்கள். பெரும்பாலும் ஒரு கிளிப் அல்லது ஒரு சிறு போல்ட்தான். ஹோஸைப் பிரேக்கிலிருந்து கழற்ற வேண்டியதில்லை. அடுத்து லிங்க் ராடின் நட்டு. திருகும்போது பால் ஜாயின்ட்டும் சேர்ந்து சுற்றினால், மரையின் நடுவிலுள்ள பள்ளத்தில் ஆலன் கீயைக் கொடுத்துப் பிடித்துக்கொண்டு ஸ்பேனரால் திருகுங்கள்.

நக்கிள் போல்ட்டைக் கழற்றுவதற்கு முன் நக்கிளுக்கு முட்டுக் கொடுங்கள். லோயர் ஆர்மின் கீழ் சிறிய ஜாக்கி வைத்து, நக்கிளின் மேற்பகுதியைக் கட்டுக்கம்பியால் இழுத்துக் கட்டினால் போதும். இதை விட்டுவிட்டால் போல்ட் வந்த நொடியில் நக்கிள் வெளிப்பக்கமாகச் சாயும். பிரேக் ஹோஸ் இழுபடும், இன்ஜின் விசையைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் டிரைவ் ஷாஃப்ட்டின் உள் ஜாயின்ட் தன் கூட்டிலிருந்து கழன்றுவிடவும் கூடும். பிறகு ஷாக் வேலை கியர்பாக்ஸ் பக்க வேலையாக வளர்ந்துவிடும்.

நக்கிள் போல்ட் சிலவற்றின் தலைக்கடியில் பல் வெட்டியிருக்கும். அப்படியானால் தலையைத் திருகாமல் பிடித்துக்கொண்டு நட்டை மட்டும் திருகுங்கள்.

கடைசியாக மேலே வாருங்கள். பானெட்டைத் திறந்தால் மவுன்டிங்கைச் சுற்றி இரண்டு அல்லது மூன்று சிறு நட்டுகள், நடுவில் ஒரு பெரிய நட்டு. கழற்ற வேண்டியவை சுற்றியுள்ள சிறு நட்டுகள் மட்டுமே. நடுநட்டைத் தொடாதீர்கள். ஸ்பிரிங்கை அடக்கி வைத்திருப்பது அந்த ஒரு நட்டுதான். சில கார்களில் வைப்பர் கவசத்தைக் கழற்றினால்தான் இந்த நட்டுகள் கண்ணில் படும். கடைசி நட்டைக் கழற்றும்போது கீழே ஒரு கை ஸ்ட்ரட்டைத் தாங்கியிருக்க வேண்டும். துணைக்கு ஒருவர் இருந்தால் நல்லது, பொருள் கனமானது.

மறுபக்கத்தைக் கழற்றாமல் அப்படியே வைத்திருங்கள். எது எங்கே இருந்தது என்ற சந்தேகம் வந்தால் எட்டிப் பார்க்க ஒரு மாதிரி இருக்கும்.

போல்ட் துருப்பிடித்து அசையவே இல்லை. என்ன செய்வது?

துரு ஸ்பிரேயை முதல்நாள் இரவே அடித்துவையுங்கள். காலையில் இன்னொருமுறை. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் மரையை முதலில் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துச் சுத்தம் செய்யுங்கள். அந்தத் துருவும் அழுக்கும்தான் நட்டைப் பாதியில் பிடிக்கும். ஆறு முனை சாக்கெட், நீளமான பார், நிதானமான அழுத்தம். நட்டு வந்துவிட்டு போல்ட் மட்டும் துளையில் பிடித்துக்கொண்டால், நட்டை நுனிவரை மறுபடி ஏற்றி, அதன் மேல் சுத்தியலால் தட்டுங்கள். மரை தப்பிக்கும்.

தீயால் சூடுபடுத்தும் யோசனையை வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டாம். அருகிலேயே பிரேக் ஹோஸ், ரப்பர் பூட், எண்ணெயும் வாயுவும் அடைத்த ஷாக் எல்லாம் இருக்கின்றன.

ஸ்பிரிங்கை நானே அமுக்கிக் கழற்ற விரும்புகிறேன். எப்படி?

முதலில் அந்த விசையின் அளவை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். சிறிய காரிலும் ஒரு முன்சக்கரத்தின் மேல் ஏறக்குறைய 300 கிலோ எடை இருக்கும். அதைத் தாங்கி நிற்பது இந்த ஒரு ஸ்பிரிங். கழற்றுவதற்காக அமுக்கும்போது அந்த அளவு விசையை இரண்டு மெல்லிய திருகுகளில் அடைத்துப் பிடித்திருக்கிறீர்கள். நழுவினால் கை எடுக்க நேரம் கிடைக்காது. எலும்பு முறிவும் உயிரிழப்பும் நடக்கக்கூடிய இடம் இது.

கம்ப்ரஸரின் மரையில் கிரீஸ் தடவுங்கள். இரண்டு திருகுகளையும் ஸ்பிரிங்கின் நேரெதிர்ப் பக்கங்களில், முடிந்த அளவு அதிகச் சுற்றுகள் கொக்கிகளுக்கு இடையில் அகப்படுமாறு மாட்டுங்கள். பூட்டு பின்னைப் போடுங்கள். ஒரு பக்கம் இரண்டு மூன்று சுற்று, பிறகு மறுபக்கம் அதே அளவு. இப்படியே மாற்றி மாற்றித் திருகுங்கள். கை ரேட்செட்டால் மட்டும். இம்பாக்ட் கன் வைத்தால் மரை சூடேறிப் பிய்ந்துவிடும், கொக்கி நழுவுவதும் கண்ணுக்குத் தெரியாது. ஸ்பிரிங் வாழைப்பழம் போல் ஒரு பக்கமாக வளையத் தொடங்கினால் உடனே நிறுத்தி, தளர்த்தி, கொக்கிகளைச் சரியாக மாட்டித் திரும்பத் தொடங்குங்கள்.

வேலை முழுக்க ஸ்பிரிங்கின் இரு முனைகளுக்கும் நேரே உங்கள் முகமோ, உடலோ, வேறு யாருமோ இருக்கக்கூடாது. குழந்தைகளை அந்த இடத்துக்கே விடாதீர்கள்.

எவ்வளவு அமுக்க வேண்டும்? ஸ்பிரிங் தன் மேல் சீட்டிலிருந்து விடுபட்டு, கையால் அசைத்தால் லேசாக ஆடும்வரை. அதற்குமேல் ஒரு சுற்றும் வேண்டாம். ஆடுகிறது என்று உறுதியான பிறகுதான் நடுநட்டைக் கழற்ற வேண்டும். கழற்றியதும் மவுன்டிங், பேரிங், மேல் சீட், பூட், பம்ப் ஸ்டாப் எல்லாவற்றையும் வந்த வரிசையிலேயே ஒரு துணியில் பரப்பி ஃபோட்டோ எடுங்கள். பேரிங்கைத் தலைகீழாக மாட்டிவிட்டுப் பின்னால் ஸ்டியரிங் இறுக்கமாக இருக்கிறது என்று தேடுபவர்கள் நிறைய.

அமுக்கிய நிலையில் ஸ்பிரிங்கை வைத்துவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள். புது ஷாக் கைக்கெட்டும் தூரத்தில் தயாராக இருந்தால் மட்டுமே அமுக்கத் தொடங்குங்கள். ஸ்பிரிங்கின் கீழ்முனை, ஷாக்கின் சீட்டில் அதற்கென்று உள்ள பள்ளத்தில் போய் உட்கார வேண்டும். மேல் சீட்டின் குறியும் பொருந்த வேண்டும். நடுநட்டைப் பூட்டி முடித்த பிறகு, அதேபோல மாற்றி மாற்றித் தளர்த்தி, ஸ்பிரிங் இரு முனையிலும் சரியாக அமர்கிறதா என்று பார்த்துக்கொண்டே கம்ப்ரஸரை எடுங்கள்.

சில மெக்கானிக்குகள், கார் தரையில் நிற்கும்போதே நடுநட்டைக் கால் சுற்றுத் தளர்த்திவைத்துக்கொள்வார்கள். பிறகு கழற்றுவது எளிது என்பதால். அவர்கள் கைக்கு அந்தக் கால் சுற்று எவ்வளவு என்று தெரியும். வீட்டில் செய்கிறவருக்கு இதை நான் பரிந்துரைக்கவே மாட்டேன்.

நடுநட்டைத் திருகினால் தண்டும் சேர்ந்து சுற்றுகிறதே?

தண்டின் நுனியில் ஆலன் கீக்கோ ஸ்பேனருக்கோ இடம் வெட்டியிருக்கும். அதைப் பிடித்துக்கொண்டு, துளையுள்ள சாக்கெட் அல்லது வளைந்த ரிங் ஸ்பேனரால் நட்டைத் திருகுங்கள். பிளையரால் தண்டின் உடலைப் பிடிக்கவே பிடிக்காதீர்கள். அந்தப் பளபளப்பான பூச்சில் நகக்கீறல் அளவு கோடு விழுந்தாலும், ஒவ்வொரு அசைவிலும் அது சீலை அறுத்துக்கொண்டே இருக்கும்.

புதிய ஷாக்கை மாட்டுவதற்கு முன் பம்ப் செய்ய வேண்டுமா?

இரட்டைக் குழாய் ஷாக்குகளுக்கு (குழாய்க்குள் குழாயாக உள்ளவை) வேண்டும். படுக்கவைத்துக் கொண்டுவந்ததில் உள்குழாயில் காற்று புகுந்திருக்கலாம். நிமிர்த்திப் பிடித்து, தண்டை முழுவதும் மெதுவாக அமுக்கி, முழுவதும் இழுங்கள். சில முறை செய்தால் இடையில் வெற்றாகப் போகும் இடம் மறைந்து, இழுவை முழுக்க ஒரே சீராக இருக்கும். அதன்பின் ஷாக்கைப் படுக்க வைக்காதீர்கள். வாயு நிரப்பியவை பட்டை போட்டு மூடி வரும். பட்டையை அறுத்தால் தண்டு தானாக மேலே எழும்பும், முகத்தை விலக்கி வைத்து அறுங்கள். உள்ளே இருக்கும் நைட்ரஜன், எண்ணெய் நுரைக்காமல் தடுப்பதற்காக.

மாட்டும்போது எதில் கவனம் தேவை?

முதலில் மேல் நட்டுகளை விரலால் ஏற்றித் தொங்கவிடுங்கள், பிறகு நக்கிளை அதன் இடத்தில் சேருங்கள். துளைகள் நேராகவில்லையென்றால் லோயர் ஆர்மின் கீழுள்ள ஜாக்கியைக் கொஞ்சம் ஏற்றி இறக்குங்கள், நக்கிளை உள்ளே தள்ளுங்கள். போல்ட்டைச் சுத்தியலால் அடித்து ஏற்றாதீர்கள், மரை நசுங்கும். எல்லா நட்டையும் கையால் ஏற்றி முடித்த பிறகே முறுக்கத் தொடங்குங்கள். முன்பு போட்ட மார்க்கர் கோட்டுக்கு நேராகக் கேம்பர் போல்ட்டை வைத்து இறுக்குங்கள்.

பிரேக் ஹோஸ் தாங்கியில் முறுக்கில்லாமல் உட்கார்ந்திருக்கிறதா? ஸ்டியரிங்கை இரு பக்கமும் கடைசிவரை திருப்பி, ஹோஸும் ஏபிஎஸ் கம்பியும் எங்கும் உரசவோ இழுபடவோ இல்லை என்று கண்ணால் பாருங்கள். காலிப்பரைக் கழற்றியிருந்தால், காரை நகர்த்துவதற்கு முன் பிரேக் பெடல் கெட்டியாகும்வரை மிதியுங்கள்.

எந்த நட்டை எவ்வளவு முறுக்க வேண்டும்?

உங்கள் காரின் மேனுவலில் உள்ள எண்தான் பதில். இணையத்தில் யாரோ வேறு காருக்குச் சொன்ன எண்ணை எடுத்துக்கொள்ளாதீர்கள். சக்கர நட்டுக்குப் பல சிறிய கார்களில் 100 நியூட்டன் மீட்டரை ஒட்டிய அளவு வரும். நக்கிள் போல்ட்டுக்கு காருக்குக் கார் பெரிய வேறுபாடு உண்டு, சிலவற்றில் டார்க்குக்குப் பிறகு இத்தனை டிகிரி திருப்ப வேண்டும் என்றும் இருக்கும். மேல் மவுன்டிங்கின் சிறு நட்டுகள் குறைந்த டார்க் கேட்பவை. பலத்தைக் காட்டினால் முறிந்துவிடும்.

சக்கர நட்டுகளை எதிரெதிராக ஏற்றி, காரைத் தரையில் இறக்கிய பின் இறுதி முறுக்கு கொடுங்கள். 50 முதல் 100 கிலோமீட்டர் ஓட்டிய பின் இன்னொரு முறை டார்க் ரெஞ்சை வைத்துப் பாருங்கள்.

வீல் அலைன்மென்ட் அவசியமா? கோடு போட்டுத்தானே மாட்டினேன்?

அவசியம். கோடு உங்களை அலைன்மென்ட் கடைவரை பத்திரமாகக் கொண்டுசேர்க்கும், அவ்வளவுதான். புது ஷாக்கின் துளைகள் பழையதிலிருந்து மிகச் சிறிது தள்ளியிருந்தாலும் கேம்பர் மாறும். ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடின் நீளம் மாறாமல் அப்படியே இருப்பதால் கேம்பரோடு டோவும் (மேலிருந்து பார்த்தால் முன்சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) மாறிவிடும். டோ கெட்டால் புது டயர்கூடச் சில ஆயிரம் கிலோமீட்டரில் ஓரம் தேய்ந்துவிடும்.

மாற்றிய பிறகு புதிதாக ஒரு சத்தம் வருகிறது.

முதல் ஓட்டம் வீட்டுக்கு அருகே, மெதுவாக, ஜன்னலைத் திறந்துவைத்து இருக்கட்டும். சத்தம் வந்தால் அது எப்போது வருகிறது என்பதைக் கவனியுங்கள். நின்றபடி ஸ்டியரிங் திருப்பும்போது ‘டொய்ங்’ என்று கம்பி தெறிக்கிற சத்தம் கேட்டால், ஸ்பிரிங் முனை சீட்டின் பள்ளத்தில் உட்காரவில்லை, அல்லது பேரிங் தலைகீழாகவோ பழுதாகவோ இருக்கிறது. சிறு மேடுகளில் ‘டக்’ என்று மேலிருந்து வந்தால் நடுநட்டு அல்லது மவுன்டிங் நட்டு தளர்வு. கீழிருந்து லொடலொடவென்று வந்தால் லிங்க் ராடு நட்டு.

திருப்பிய ஸ்டியரிங் தானாக நடுவுக்குத் திரும்பாவிட்டால் மேல் பேரிங்கைச் சந்தேகியுங்கள். எந்தச் சத்தத்தையும் ‘ஓட ஓடச் சரியாகிவிடும்’ என்று விட்டுவிடாதீர்கள். ஏபிஎஸ் விளக்கு எரிந்தால் சென்சார் கம்பியின் இணைப்பை முதலில் பாருங்கள்.

புது ஷாக் போட்டதும் வண்டி கடினமாக இருக்கிறதே, தவறாக மாட்டிவிட்டேனா?

பெரும்பாலும் இல்லை. தளர்ந்த ஷாக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்ததால் உங்கள் உடம்பு அதற்குப் பழகிவிட்டது. கொஞ்ச நாள் ஓட்டுங்கள். ஆனால் ஒரு பக்கம் மட்டும் உயரமாகவோ தாழ்வாகவோ நின்றால், ஸ்பிரிங் சரியாக அமராததுதான் காரணமாக இருக்கும். கழற்றிப் பார்த்தாக வேண்டும்.

எவ்வளவு நேரம் ஆகும்?

முதல்முறை என்றால் ஒரு முழுநாளை ஒதுக்குங்கள். துருவோடு போராடுவதில்தான் பாதி நேரம் போகும். இரண்டாவது பக்கம் முதல் பக்கத்தின் பாதி நேரத்தில் முடிந்துவிடும்.

எந்த இடத்தில் வேலையை நிறுத்திவிட வேண்டும்?

ஸ்பிரிங்கில் முறிவோ ஆழமான துருக்குழியோ தெரிந்தால் அதன்மேல் கம்ப்ரஸர் மாட்டாதீர்கள். மேல் மவுன்டிங் பூட்டும் தகட்டில் விரிசல் அல்லது துருவில் அரித்த ஓட்டை இருந்தால் அது பாடி வேலை. டிரைவ் ஷாஃப்ட்டின் ரப்பர் பூட் கிழிந்து கிரீஸ் வெளியே வந்திருந்தால், அதையும் சரிசெய்யாமல் மூட வேண்டாம். லோயர் பால் ஜாயின்ட்டில் ஆட்டம் கண்டாலும் அப்படியே. எல்லாம் திறந்து கிடக்கும் இந்த நேரத்தில்தான் இவற்றைக் காண முடியும். டார்ச் அடித்து ஒருமுறை நிதானமாகப் பாருங்கள்.

பழைய ஷாக்கை என்ன செய்வது?

உள்ளே எண்ணெயும், பலவற்றில் அழுத்தம் ஏற்றிய வாயுவும் இருக்கும். அறுக்காதீர்கள், துளையிடாதீர்கள், நெருப்பில் போடாதீர்கள். கழிவு எண்ணெய் வாங்கும் பட்டறையிலோ பழைய வாகன உதிரிபாகங்களைப் பிரித்தெடுக்கும் இடத்திலோ கொடுத்துவிடலாம். பழைய ஸ்பிரிங்கும் சேர்ந்து பூட்டியபடியே முழுக் கட்டாக இருந்தால், ஸ்பிரிங் இன்னும் அமுங்கிய நிலையில்தான் இருக்கிறது என்பதைக் கொடுக்கும் இடத்தில் வாய்விட்டுச் சொல்லிவிட்டுக் கொடுங்கள். அந்த நடுநட்டைத் தெரியாமல் யாரும் கழற்றிவிடக்கூடாது.